பழகுதலும் பழக்குதலும்

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. திருந்தாத மனிதரைச் சுட்ட எழுந்த அம்மொழியை, நாளடைவில் மக்கள் நாயின் மீதே ஏற்றிவிட்டனர். நாயின் வால் நிமிராது என்பது உண்மையே. ஆயினும், அதனை நிமிர்த்த வேண்டிய தேவை யாருக்கு உண்டு? வால் வளைந்திருப்பதால் ஊரார்க்கு ஒரு தீங்கும் இல்லை. அடங்க வேண்டுவன வாயும் காலுமே. பழக்கினால் அவை அடங்கும். இவ்வுண்மையை நாயை வளர்ப்போருள் பலர் அறிந்திலர். அவர்தம் அண்டை வீட்டாரும் அறிந்திலர். அதனால் விளையும் துன்பம் நகர வாழ்வில் நாள்தோறும் பெருகி வருகின்றது.

மயிலாப்பூரின் மாடவீதிகளை ஒட்டிய சந்துகளிலும், தியாகராய நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், அடையாற்றின் மரநிழல் சூழ்ந்த தெருக்களிலும் பெரிய நாய்களை வளர்ப்போர் பலர். ஜெர்மன் செப்பர்டு, லாப்ரடார் முதலிய அயல்நாட்டு இனங்களும், இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய தமிழ்நாட்டு இனங்களும் அவர்தம் இல்லங்களில் வளர்கின்றன. வீட்டிற்கு வரும் நாளில் குட்டி ஒரு கைக்குள் அடங்குகிறது. ஓராண்டு கழிந்தபின் இருவர் இழுத்தாலும் அடங்குவதில்லை. படியேறும் முதியவர் மேல் பாய்கிறது. பள்ளிக்குச் செல்லும் சிறுவரைக் கண்டு சீறுகிறது. நள்ளிரவிலும் ஓயாது குரைக்கிறது. அண்டை வீட்டார் முறையிடுகின்றனர். 'அதன் குணம் அப்படி, என்ன செய்வது?' என்கிறார் உடையவர். 'குணம் அப்படியாயின் அதனை அகற்றிவிடுக' என்கின்றனர் அயலார். இருதிறத்தாரும் பகைவர் போல் எதிரெதிர் நின்றாலும், இருவர் கொண்ட பிழையும் ஒன்றே. நாயின் குணம் மாறாது என்பதே அப்பிழை.

நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்னும் பெயர் உரியது எனத் தொல்காப்பிய மரபியல் கூறுகின்றது. இளமையில் ஒரு பெயர் பெற்ற புலி காட்டில் நின்றது. நாயோ மனையுட் புகுந்தது. பதினாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதரோடு வாழ்ந்து, அவர் குரலையும் முகக்குறிப்பையும் உணரக் கற்ற உயிர் அது. கற்கும் திறன் இல்லாதிருந்தால் அது மனிதரின் வாயிலை அடைந்தே இராது.

இதற்குச் சான்றுகள் பல. உணவின் வருகையை அறிவிக்கும் ஓர் ஒலியைக் கேட்ட அளவிலேயே நாயின் வாயில் நீர் ஊறும்படி பழக்க முடியும் என்பதை உருசிய அறிஞர் பாவ்லோவ் ஆய்ந்து காட்டினார். முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பயிற்றும் பள்ளி, 1916-ஆம் ஆண்டில் செருமனியின் ஓல்டன்பர்க் நகரில் தொடங்கப்பட்டது. சென்னைக் காவல்துறையில் துப்பறியும் நாய்ப்பிரிவு 1951-ஆம் ஆண்டிலேயே அமைந்தது. பேரொலிக்கும் பெருங்கூட்டத்திற்கும் அஞ்சாமல், கட்டளைக்குக் காத்து நிற்கும் அந்நாய்களும் ஒருகாலத்தில் குறும்பு செய்த குருளைகளே.

நாயினும் பன்மடங்கு வலிய விலங்கைப் பழக்கிய பெருமையும் இந்நாட்டிற்கு உண்டு. காட்டில் மனிதர் பலரைக் கொன்ற யானை ஒன்று 1998-ஆம் ஆண்டில் பிடிக்கப்பட்டு, முதுமலையை அடுத்த தெப்பக்காடு முகாமிற்குக் கொண்டுவரப்பட்டது. மூர்த்தி எனப் பெயர் பெற்ற அவ்யானை, பாகரின் பொறுமையால் சாந்தமே உருவாகிப் பல்லாண்டு வாழ்ந்தது. கொலைத்தொழில் பயின்ற களிறே திருந்துமாயின், குரைக்கும் நாய் திருந்தாது என்பது பொருந்துமா?

நாய் பாய்வதற்கும் குரைப்பதற்கும் காரணங்கள் உள்ளன. ஓடியாட வேண்டிய உயிரை நாள்முழுதும் குறுஞ்சங்கிலியில் பிணித்தால் அதன் ஆற்றல் சினமாக மாறும். இளமையில் அயலாரைக் காணாது வளர்ந்த நாய், பின்னர்க் காண்பவரையெல்லாம் பகைவராகக் கருதும். தீபாவளி வெடியொலியில் நடுங்கும் நாயும், உடலில் நோயுற்ற நாயும் அச்சத்தாலும் வலியாலும் கடிப்பதுண்டு. இவற்றுள் பல, வளர்ப்பவர் கவனித்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை.

சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. அடையாற்றில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராயிருந்து, வாயில்லா உயிர்களுக்காகக் குரல் கொடுத்தார். அவர் முயற்சியின் பயனாக விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டில் பிறந்தது. விலங்கை நெடுநேரம் குறுஞ்சங்கிலியில் கட்டிவைத்தலும், எப்போதும் கட்டுண்டு கிடக்கும் நாயை உலவவிடாது புறக்கணித்தலும் அச்சட்டத்தின்படி குற்றங்களாகும். ஆதலின், நாயை நாள்தோறும் நடத்திச் செல்லுதல் உடையவரின் பொழுதுபோக்கு அன்று, கடமையாகும்.

பழக்கும் முறை கடினமானது அன்று. ஒழுங்கு மட்டுமே வேண்டும். 'உட்கார்', 'நில்', 'வா', 'விடு' என்னும் சிறு சொற்கள் சிலவற்றை வீட்டார் அனைவரும் ஒரே வகையாகச் சொல்லுதல் வேண்டும். தந்தை ஒரு சொல்லும் மகன் வேறொரு சொல்லும் வழங்கினால் நாய் மயங்கும். சொன்னபடி செய்த அந்நொடியிலேயே ஒரு துண்டு உணவோ அன்பான தட்டலோ தருதல் வேண்டும். காலம் தாழ்த்தால் எதற்குப் பரிசு என்பதை அது அறியாது. நாள்தோறும் இருமுறை, பத்து நிமிடம் பயிற்றினாலே போதும். பாயும்போது முகங்கொடுக்காமல் திரும்பிக்கொண்டு, நான்கு காலும் நிலத்தில் ஊன்றியபின் தடவிக் கொடுத்தால், பாய்வதால் பயனில்லை என்பதை அது தானே உணரும். அடித்தல் ஆகாது. அடி அச்சத்தைக் கற்பிக்கும். அஞ்சிய நாயே பெரும்பாலும் கடிக்கின்றது. குருளைப் பருவமே பயிற்சிக்கு மிக ஏற்றது; எனினும், வளர்ந்த நாயும் கற்கும்; காலம் சற்றுக் கூடும், அவ்வளவே.

'பயிற்சி பலிக்கும்வரை எங்கள் குழந்தைகளுக்கு யார் காவல்?' என அயலார் வினவலாம். அவ்வினா நேரியது. 2024-ஆம் ஆண்டு மே மாதம், ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அத்துயரைக் கேட்டு நகரமே நடுங்கியது. நாய்களுக்கு உரிமம், கழுத்துப்பட்டை, வாய்மூடி ஆகியவற்றை மாநகராட்சி வலியுறுத்தியது. தம் விலங்கால் பிறர்க்கு ஊறு நேராதபடி காவாதவரைத் தண்டிக்கப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவும் உள்ளது. ஆகவே, பயிற்சியின் பெயரால் காவலைத் தளர்த்துதல் கூடாது. நன்கு பழகும்வரை வெளியிடங்களில் வாரும் வாய்மூடியும் இன்றியமையாதவை; வெறிநாய்க்கடி நோய்க்குரிய தடுப்பூசியும் தவறக்கூடாது. முன்னரே கடித்த நாயாயின், கால்நடை மருத்துவரிடமும் தேர்ந்த பயிற்றுநரிடமும் காட்டிய பின்னரே பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும். சில நாய்கள் எவ்வளவு பழகினாலும் அயலாரிடையே கட்டவிழ்க்கத் தக்கன ஆகா. அவற்றின் இயல்பை அறிந்து காத்தலும் பழக்குதலின் ஒரு கூறே.

இனி, இவ்வுண்மைகளை அயலார்க்கு உணர்த்துவது எவ்வாறு? நாய் குரைக்கும்போதே சென்று கதவைத் தட்டினால், பேசுவோர் இருவரும் நாயினும் உரக்கக் குரைப்பர். சினம் தணிந்த வேளையில், நாயின் பெயரைக் கேட்டு, அதன் வயதையும் உணவையும் உசாவி, பின்னர்த் தம் குறையைச் சொல்லுதல் வேண்டும். 'உங்கள் நாய் கெட்டது' என்னும் சொல் கதவை அடைக்கும். 'உங்கள் நாய் கற்கும்' என்னும் சொல் அதனைத் திறக்கும். தாம் பெற்றெடுத்த பிள்ளையைப் போல் வளர்த்த உயிரை இகழக் கேட்டு யார்தாம் பொறுப்பர்? பழகிய நாயொன்றை வேறொரு வீட்டில் காட்டுதல் நூறு அறிவுரைகளினும் வலிது. அயல்வீட்டுச் சிறுவரும் நாயின் முன் ஓடாமலும், கல்லெறியாமலும், உண்ணும்போது தொடாமலும் இருந்து துணைபுரிதல் வேண்டும். நாய்க்குக் கட்டளை நான்கு கற்பிக்கும்போது, சிறுவர்க்கும் கட்டுப்பாடு மூன்று கற்பித்தல் முறையன்றோ?

தமிழில் பழகு என்னும் வினையும் பழக்கு என்னும் வினையும் ஒரே அடியிற் பிறந்தவை. அண்டை வீட்டாரோடு பழகுவோரே, அவர்தம் நாயைப் பழக்கும் வழியையும் அவர்க்கு எடுத்துரைக்க வல்லர். பழகாதவர் சொல்லும் நல்லுரை பழிப்புரையாகவே ஒலிக்கும். ஒரு தெருவில் நாயும் சிறுவரும் அச்சமின்றி ஒருங்கு வாழ்வாராயின், அங்கே பழகியது நாய் மட்டும் அன்று. அத்தெருவே பழகியது எனலாம்.