துரு பிடிச்சதெல்லாம் விண்டேஜ் இல்லைங்கோ!

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காரமான பதிவு. பழைய எலக்ட்ரிக் கிடார் படத்தைப் போட்டு "ஆஹா, விண்டேஜ்!"னு உருகுற வலைப்பதிவு நண்பர்கள் கோவிச்சுக்காம கடைசி வரை படிங்க. அப்புறம் பின்னூட்டத்துல வந்து கும்முங்க. :-)

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். விக்கிறவர் சொல்ற கதை சான்று இல்லை. ஸ்க்ரூவைக் கழட்டினா உள்ள என்ன தெரியுதோ அதுதான் சான்று. கழட்ட விடமாட்டேன்னு சொன்னா, எவ்வளவு அழகான கிடாரா இருந்தாலும் விண்டேஜ் விலை குடுக்காதீங்க.

துருவுலேர்ந்து ஆரம்பிப்போம். ஊரூர் ஒல்காட் குப்பம் தெரியுமில்லையா? பெசன்ட் நகர் கடற்கரைக்கு வடக்க, அடையாறு கடல்ல கலக்குற முகத்துவாரத்துக்குப் பக்கத்துல. 2015ல டி.எம்.கிருஷ்ணாவும் நண்பர்களும் குப்பத்து மக்களோட சேர்ந்து விழா நடத்தினாங்களே, அதே இடம். அங்க உப்புக்காத்துல புது சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி எல்லாம் என்ன கதி ஆகுதுன்னு போய்ப் பாருங்க. நேத்து வாங்கின கிடாரை அங்க ரெண்டு வருஷம் சுவத்துல மாட்டி வெச்சா, அதோட பிரிட்ஜ் தன்னை 1962னு சொல்லிக்கும்! கீறலும் அப்படித்தான். ஃபெண்டர் கம்பெனியே 1990கள்லேர்ந்து புது கிடாரைத் தேய்ச்சு, உரிச்சு, பழசு மாதிரி பண்ணி வித்துக்கிட்டு இருக்கு. அவங்க அதை வெளிப்படையா சொல்லி விக்கிறாங்க. நம்மூர் ஆளுங்க சொல்லாம விக்கிறாங்க. வித்தியாசம் அவ்ளோதான்.

இதை ஏன் இவ்ளோ கோவமா எழுதறேன்னா, அந்தக் குப்பத்துத் தம்பி ஒருத்தன் கல்யாணக் கச்சேரிகள்ல கிடார் வாசிக்கிறான். அம்மா மீன் விக்கிறாங்க. "அண்ணா, 1964 ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒண்ணு வருது. கோடம்பாக்கத்துல ரெக்கார்டிங்ல வாசிச்சதாம். ஒண்ணேகால் லட்சம். அம்மா செயினை அடகு வெக்கலாம்னு இருக்கேன்"னான். நிஜமான 1964 ஸ்ட்ராட் இன்னிக்கு பத்து லட்சத்துக்கு மேல போகும். பத்து லட்சத்து சாமானை ஒருத்தர் ஒண்ணேகாலுக்குக் குடுக்கிறார்னா, அவர் ஒண்ணு கர்ணனா இருக்கணும், இல்லைன்னா... சரி விடுங்க.

போய்ப் பாத்தோம். பிக்கார்டைக் கழட்டச் சொன்னேன். விக்கிறவர் மூஞ்சி மாறிடுச்சு. "கழட்டினா மதிப்பு போயிடும் சார்"னார். ஸ்க்ரூவைப் பதமா கழட்டி மாட்டினா மதிப்பு எங்கயும் போகாது. பழைய கிடார் வாங்கி விக்கிற ஆளுங்க முதல்ல கேக்கறதே உள்பக்கப் படத்தைத்தான். ரொம்ப நேரம் பேசி கழட்டினோம். உள்ள பிளாஸ்டிக் கனெக்டர்! பிக்கப்பை வெடுக்குன்னு பிடுங்கி மாட்டலாம். 1964ல அதெல்லாம் ஏது? நேரா சால்டர்தான்.

எதைப் பாக்கணும்னு சுருக்கமா சொல்றேன்.

வால்யூம், டோன் குமிழுக்கு அடியில இருக்கிற பாட்டோட முதுகுல ஒரு எண் இருக்கும். உதாரணமா 3046412. இதுல 304ங்கறது ஸ்டாக்போல் கம்பெனி (137ன்னா சி.டி.எஸ்.), 64 வருஷம், 12 அந்த வருஷத்துல எத்தனையாவது வாரம்னு. கிடார் அதுக்கு முன்னாடி முழுசாகியிருக்க முடியாது, பின்னாடி ஆகியிருக்கலாம். ஏன்னா வாங்கி வெச்ச பாட் வருஷக்கணக்குல கூட ஸ்டாக்ல கிடக்கும்.

ஃபெண்டர்னா கழுத்து ஸ்க்ரூவுல நிக்குது. கம்பியைத் தளர்த்திட்டு கழட்டினா, கழுத்தோட அடியில பென்சில்லயோ முத்திரையிலயோ தேதி இருக்க வாய்ப்பு உண்டு. கிப்ஸன் லெஸ் பால்ல கழுத்து ஒட்டினது, அதுல கை வெக்காதீங்க. அதுக்குப் பதிலா தலையில இருக்கிற சின்ன மூடியைப் பாருங்க. கிப்ஸன்ல ரெண்டு ஸ்க்ரூ. நிறைய சீன போலிகள்ல மூணு! அந்த மூடிக்கு அடியில கிப்ஸன்ல வெளிய தெரியற பித்தளை நட் இருக்கும். போலியில பெரும்பாலும் ஆலன் சாவி போடற ஓட்டை.

பூச்சுக்கு, கள்ள நோட்டு பாக்கற அந்த ஊதா விளக்கு போதும். இருட்டுல அடிச்சா, பழைய நைட்ரோ பூச்சு லேசா பச்சை மஞ்சளா மினுங்கும். பின்னாடி தொட்டுப் பூசின இடம் திட்டுத் திட்டா காட்டிக் குடுக்கும்.

"சீரியல் நம்பர் சரியா இருக்கே!"ங்கறவங்களுக்கு: பழைய ஸ்ட்ராட்ல அந்த நம்பர் இருக்கிறது ஒரு தகட்டுல. தகடு கழண்டு வரும், வேற கிடாருக்கும் போகும். பிங்க் ஃப்ளாய்ட் டேவிட் கில்மோர் கிட்ட இருந்த ஸ்ட்ராட்டுக்கு நம்பர் 0001. 2019ல ஏலத்துல 18 லட்சம் டாலருக்கு மேல போச்சு. அதுவே கம்பெனி செஞ்ச முதல் ஸ்ட்ராட் இல்லை. நம்பரை மட்டும் நம்பினா இதான் கதி.

ஒண்ணு மட்டும் பாத்துட்டு தீர்ப்பு சொல்லாதீங்க. போலியில ஒரிஜினல் பாட் இருக்கலாம், ஒரிஜினல்ல பாட் மாத்தியிருக்கலாம். எல்லா சாட்சியும் ஒரே வருஷத்தைச் சொல்லணும்.

"காது சொல்லும்"னு ஒரு கோஷ்டி இருக்கு. காது, நல்ல கிடாரா இல்லையான்னு சொல்லும். எந்த வருஷம்னு சொல்லாது. நல்லா பாடறவங்களோட வயசு குரல்ல தெரியுமா?

இன்னொண்ணு. கல்கத்தா கிவ்சனையும் ஹாப்னரையும் போலின்னு கிண்டல் பண்றதை நிறுத்துங்க. வெளிநாட்டுப் பேரை ஒரு எழுத்து மாத்தி வெச்சது குறும்புதான், ஆனா 1991க்கு முன்னாடி இறக்குமதிக் கெடுபிடி இருந்த காலத்துல நம்மாளுங்க நிறைய பேர் கத்துக்கிட்டதே அதுலதான். கிவ்சனை கிவ்சன்னு சொல்லி வித்தா அது நாணயமான கிடார். அதையே பேரைச் சுரண்டி வேற ஸ்டிக்கர் ஒட்டி வித்தா, அப்பதான் திருட்டு. குத்தம் மரத்துல இல்லை, வாயில.

அதனால மக்களே, அடுத்த தடவை "விண்டேஜ்"னு பதிவு போடும்போது உள்பக்கப் படத்தையும் சேர்த்துப் போடுங்க. இல்லைன்னா "பழைய கிடார்"னு மட்டும் எழுதுங்க. நாம உருகி உருகி எழுதற கதையைத்தான் விக்கிறவன் தூக்கிட்டுப் போய் விலையா மாத்தறான். அந்தத் துட்டு யாரோட செயின்லேர்ந்து வருதுன்னு யோசிங்க.

டிஸ்கி: கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு படியா படம் எடுத்துக்குங்க. திரும்ப மாட்டத் தெரியலைன்னு எனக்கு மெயில் அனுப்பாதீங்க. :-)