டாக்டரும் மனிதர்தானே!

"அப்பாவுக்கு சுவாசக் கருவி வைக்கலாமா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டால், நாம் டாக்டரின் முகத்தைத்தான் பார்க்கிறோம். அவர் சொல்லும் யோசனையில் மருத்துவத்தோடு அவர் வளர்ந்த வீடும் நம்பிக்கையும் கலந்திருக்கலாம்.

1999-2000இல் 17 ஐரோப்பிய நாடுகளின் 37 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஓர் ஆய்வு நடந்தது. யூத, முஸ்லிம், கிரேக்கக் கிறிஸ்தவ டாக்டர்கள் பலர், வைத்த கருவியை எடுப்பதைவிடப் புதிதாக ஒன்றும் வைக்காமல் விடுவதையே செய்தார்கள். கத்தோலிக்கரும் மதம் சாராதவரும் எடுப்பதற்கு அவ்வளவு தயங்கவில்லை.

ஆகவே வாசகர்களே, டாக்டரைக் குறை சொல்ல வேண்டாம். "பிழைக்க வழியுண்டா? வலி குறையுமா?" என்று தைரியமாகக் கேளுங்கள். அதற்கும் முன்னால், அப்பாவின் விருப்பத்தை இன்றே கேட்டு வையுங்கள். குழாய் போட்ட பிறகு அவரால் பேச முடியாது.