வால்வைத் திறக்கும் கை

பாலிமர் செலுத்தும் எண்ணெய் வயல்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இரவு ஷிப்ட் முடியும் நேரம். உட்செலுத்தும் கிணற்றின் தலையிலிருந்து ஒரு மாதிரி எடுக்க வேண்டும். ஆபரேட்டர் வால்வைச் சட்டென்று திறக்கிறார். கரைசல் சீறிக்கொண்டு வந்து பாட்டிலில் விழுகிறது. ஆய்வகத்தில் சோதித்தால், பாகுத்தன்மை இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. காலைக் கூட்டத்தில் பாலிமர் அளவைக் கூட்டச் சொல்லி முடிவாகிறது. கிணற்றுக்குள் போன கரைசலில் ஒரு குறையும் இல்லை. வால்வின் குறுகிய இடுக்கில் பிதுங்கி வந்த மாதிரியில்தான் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்துபோயின. ஒரு கை அவசரப்பட்டதற்கு மூட்டை மூட்டையாகப் பாலிமர் தண்டம்.

நம் துறையில் தொழில்நுட்பம் என்றதும் புதிய வேதிப்பொருள், புதிய மென்பொருள், புதிய கருவி என்றே பேச்சு போகிறது. அவை வயலுக்கு வந்து சேர்ந்த பிறகு என்ன ஆகின்றன என்பது பேச்சில் வருவதில்லை. பாலிமரின் கதையையே எடுத்துக்கொள்வோம்.

தத்துவம் எளிது. எண்ணெயைத் தள்ளத் தண்ணீர் செலுத்தும்போது, எண்ணெயைவிட இளகலான தண்ணீர் அதை முந்திக்கொண்டு உற்பத்திக் கிணற்றுக்கு ஓடிவிடுகிறது. எண்ணெய் பாறைத் துளைகளிலேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு ஓரிரு கிராம் பாலிஅக்ரிலமைடைக் கரைத்துத் தண்ணீரைக் கஞ்சிப் பதத்துக்குக் கொண்டுவந்தால், அது நிதானமாக, பரவலாக நகர்ந்து எண்ணெயை முன்னே தள்ளும். பை, சாண்டிஃபோர்டு ஆகிய இருவரும் 1964-ல் எழுதிய கட்டுரைகள் இந்த யோசனைக்கு அடித்தளம் இட்டன. 1980களில் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட திட்டங்கள் நடந்தன. அவற்றில் பல வரிச்சலுகையைக் குறிவைத்தவை. பாலிமரைப் பேருக்குத் தூவியவை. 1986-ல் எண்ணெய் விலை சரிந்ததும் பெரும்பாலானவை முடங்கின. பாலிமர் உதவாது என்ற அவப்பெயர் மட்டும் மிஞ்சியது.

சீனாவின் தாச்சிங் வயல் அந்தப் பெயரைத் துடைத்தது. அங்கே 1970களின் தொடக்கத்திலேயே சிறு பரப்பில் சோதனை செய்யத் தொடங்கினார்கள். தொழில் அளவில் செலுத்தத் தொடங்கியதோ 1996-ல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் கரைப்பது, கலப்பது, பம்ப் செய்வது, பிரிப்பது என ஒவ்வொரு படியையும் வயலிலேயே கற்றார்கள். நிலத்தடி இருப்பில் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக எடுக்க முடிந்தது அந்தப் பொறுமையின் பலன்.

நம் நாட்டிலும் குஜராத்தின் சாணந்த் வயலில் 1980களிலேயே பாலிமர் சோதனை நடந்தது. பெரிய அளவில் அது வந்தது ராஜஸ்தானின் மங்களா வயலில். 2004-ல் கண்டுபிடித்து, 2009-ல் உற்பத்தி தொடங்கிய வயல் அது. அதன் கச்சா எண்ணெயில் மெழுகு மிகுதி. சூடு குறைந்தால் உறைந்துவிடும். வயல் இருக்கும் பார்மேரிலிருந்து குஜராத் கடற்கரை வரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாயை வழிநெடுகச் சூடேற்றித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அங்கே, வயல் வயதாகட்டும் என்று காத்திராமல், உற்பத்தியின் தொடக்க ஆண்டுகளிலேயே பாலிமர் முன்னோடிச் சோதனையில் இறங்கினார்கள். 2010களின் நடுவில் அது முழு வயலுக்கும் விரிந்தது. தண்ணீர் பாதை போட்டுக்கொள்ளுமுன் பாலிமர் போவது நல்லது என்பதற்கு மங்களா நம் கண்முன் உள்ள உதாரணம்.

சோதனையில் நான்கு கிணறு. முழு வயலில் நூறு. இந்தத் தாவலில்தான் கைப்பக்குவம் கணக்கில் வருகிறது. கேழ்வரகு மாவைக் கொதிநீரில் ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டும் என்பது வீட்டில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலிமர் தூளும் அப்படித்தான். ஒவ்வொரு துகளும் தனித்தனியே நனையும்படி தூவி, அடர்கரைசலாக ஊறவைத்து, பிறகே நீர்க்கச் செய்ய வேண்டும். கட்டி தட்டினால் அது கிணற்றின் வாயிலேயே பாறைத் துளைகளை அடைத்துவிடும். ஒரே பம்பிலிருந்து பல கிணறுகளுக்குப் பிரித்து அனுப்பினால், ஒவ்வொரு சோக் வால்விலும் சங்கிலிகள் அறுபடும். கிணற்றுக்கு ஒரு பம்ப் வைத்தால் செலவு ஏறும். ஆக்சிஜனும் இரும்பும் சேர்ந்தால் பாலிமர் சிதையும். தொட்டியின் மேல் நைட்ரஜன் போர்வை ஒருநாள் விலகினாலும் பாகுத்தன்மை இறங்கும். சில ஆண்டு கழித்து உற்பத்திக் கிணற்றில் பாலிமர் தலைகாட்டும்போது அடுத்த தலைவலி: எண்ணெயும் தண்ணீரும் எளிதில் பிரியாது, ஹீட்டர் குழாய்களில் படிவு ஏறும்.

இவற்றுக்கெல்லாம் தீர்வு உண்டு. அத்தீர்வுகளில் பெரும்பகுதி ஷிப்ட் லாக் புக்கின் ஓரத்திலும், ஓய்வுபெறப் போகும் ஃபோர்மேனின் நினைவிலும் இருக்கிறது. பைலட் அறிக்கைகளைப் படித்துப் பாருங்கள். வரைபடங்கள் இருக்கும், கூடுதல் உற்பத்தி எத்தனை பீப்பாய் என்று இருக்கும். எந்த வடிகட்டி எத்தனை நாளில் அடைத்தது, மாதிரி எடுக்கும் முறையை ஏன் மாற்றினார்கள் என்பது இருக்காது. தோற்ற சோதனையென்றால் அறிக்கையே ஒரு வரிதான். அடுத்த நிறுவனம் அதே குழியில் விழுந்து அதே பாடத்தைக் காசு கொடுத்துப் படிக்கிறது.

பாலிமர் போன்ற கூடுதல் மீட்பு முறைகளை ஊக்குவிக்கும் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை 2018-ல் ஒப்புதல் தந்தது. முன்னோடிச் சோதனைக்கு ஆகும் செலவையும் இடரையும் கருதிச் சலுகை தருவது வரவேற்கத்தக்கது. தேவைக்கான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அது அவசியமும்கூட. சலுகை பெறும் ஒவ்வொரு சோதனையும், வென்றாலும் தோற்றாலும், தன் இயக்கக் குறிப்புகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அத்துடன் சேர்க்க வேண்டும் என்பது இவ்விதழின் நிலைப்பாடு. வணிக ரகசியம் என்று மறுப்பவர்களுக்கு நார்வேயைச் சுட்டலாம். அங்கே வோல்வே வயல் மூடப்பட்ட பின், 2018-ல் ஈக்வினார் நிறுவனம் அதன் நிலத்தடி, உற்பத்தித் தரவுகளைச் சுமார் 40,000 கோப்புகளாக வெளியிட்டது. அதனால் அந்நிறுவனம் ஏழையாகிவிடவில்லை. இன்று உலகம் முழுவதும் மாணவர்கள் அந்தத் தரவில் பாடம் படிக்கிறார்கள்.

பாலிமர் அளவைச் செயற்கை நுண்ணறிவே தீர்மானிக்கும் காலம் வந்துவிட்டது என்கிறார்கள். வரட்டும். ஆனால் அவசரமாகத் திறந்த வால்வின் எண்ணை ஊட்டினால், அந்த மென்பொருளும் காலைக் கூட்டத்தில் எடுத்த முடிவையேதான் எடுக்கும், இன்னும் வேகமாக.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வயலில் தோற்றுப்போன ஒரு சோதனையை, ஏன் தோற்றது என்று நீங்கள் கண்டுபிடித்ததை, இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பொறியாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆபரேட்டர், ஃபோர்மேன், ஆய்வக உதவியாளர் யாரும் எழுதலாம். நிறுவனத்தின் பெயரோ உங்கள் பெயரோ வேண்டாமென்றால் விட்டுவிடுகிறோம். என்ன வால்வு, எவ்வளவு அழுத்தம், எத்தனை நாள் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.