முடிவைச் சொன்னால் என்ன?

மர்மப் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கென்று ஒரு சத்தியப் பிரமாணம் உண்டு. "எதை வேண்டுமானாலும் கேள், முடிவை மட்டும் கேட்காதே!" என்பார்கள். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது தவறிப்போய், "கொன்றது வேறு யாருமல்ல..." என்று வாயெடுத்தால் போதும், சாதத் தட்டோடு எழுந்து அடுத்த மேசைக்கு ஓடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பக்தியைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. ஒரே வாக்கியம் காதில் விழுந்தவுடன் கெட்டுப் போய்விடுகிற பண்டம், இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து உண்ணத் தகுந்த பண்டம்தானா?

மர்மப் படத்தின் உயிர் அதன் முடிவில் இல்லை என்பது என் கட்சி. எதை, எப்போது, யாருக்குச் சொல்வது என்ற வரிசையில்தான் அந்த உயிர் இருக்கிறது. நம் சங்கத்து நண்பர்கள் சிலர் குறும்படம் எடுக்கக் கதை எழுதிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். பத்துக் கதைகளில் எட்டு, கடைசி நிமிஷத்தில் ஒரு முகமூடியைக் கழற்றுவதற்காகவே எழுதப்பட்டவை. அந்தக் கடைசி நிமிஷம் வரை நடப்பதெல்லாம் ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் காத்திருப்பது போலத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். வழியில் நான்கைந்து படங்களின் முடிவுகளை அச்சமின்றிச் சொல்லப் போகிறேன். பார்க்காத அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நான் சொல்லிவிட்டதால் அந்தப் படங்கள் சப்பென்று போய்விடுமானால் என் வாதம் தோற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறையின் பேராசான் ஆல்பிரட் ஹிட்ச்காக். 1962-ல் பிரெஞ்சு டைரக்டர் பிரான்சுவா துரூபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் அவர் ஓர் உதாரணம் சொன்னார். இருவர் மேசையருகே அமர்ந்து ஏதோ சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. நாம் திடுக்கிடுகிறோம், அது பதினைந்து விநாடி. அதே காட்சியில், குண்டு அங்கே இருப்பதும் அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் நமக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்? அதே வெறும் பேச்சு இப்போது நம் உயிரை வாங்குகிறது. "பேச்சை நிறுத்தி எழுந்து போங்களடா!" என்று திரையைப் பார்த்துக் கத்தத் தோன்றுகிறது. அது பதினைந்து நிமிஷம். முன்னது திடுக்கீடு, பின்னது பதைப்பு. திடுக்கீட்டைக் கஞ்சத்தனமாகச் செலவழித்து, பதைப்பைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பதே அவர் கட்சி.

இந்த உதாரணத்தை எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் அதில் பாதிதான் விஷயம் இருக்கிறது என்பேன். மேசையருகே இருப்பவர்கள் நல்லவர்களாக இருந்தால் நமக்கு ஒரு சங்கடமும் இல்லை, அவர்கள் பிழைக்க வேண்டுமென்று விரும்புகிறோம், அவ்வளவே. குண்டு வைத்தவன் பக்கமே நம்மை உட்கார வைத்துவிட்டால் என்ன ஆகும்? அந்த வித்தையை ஹிட்ச்காக் 1960-ல் எடுத்த 'சைக்கோ'வில் செய்து காட்டினார்.

மேரியன் கிரேன் என்ற பெண், தான் வேலை செய்யும் இடத்தில் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு காரில் புறப்படுகிறாள். முதல் முக்கால் மணி நேரமும் படம் அந்தப் பணத்தைப் பற்றியதுதான். கறுப்புக் கண்ணாடி அணிந்த போலீஸ்காரர் கார் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார். அவள் காரை மாற்றுகிறாள். மழையில் வழி தவறி ஒரு தனித்த விடுதிக்கு வந்து சேருகிறாள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மனம் மாறுகிறாள். நமக்கும் ஒரு நிம்மதி. குளிக்கப் போகிறாள். அங்கே குத்திக் கொல்லப்படுகிறாள். கதாநாயகி என்று நாம் நம்பியவள் படம் பாதி வருமுன் போய்விட்டாள்! படம் தொடங்கிய பிறகு யாரையும் கொட்டகைக்குள் விடக்கூடாது என்று ஹிட்ச்காக் கண்டிப்புச் செய்ததில் நியாயம் இருந்தது. தாமதமாக வந்தவர் அந்த நடிகையைத் தேடியே படத்தை முடித்திருப்பார்.

உலகம் முழுவதும் அந்தக் குளியலறைக் காட்சியைப் பேசிப் பேசித் தேய்த்துவிட்டார்கள். என் கண்ணில் படத்தின் மிகப் பெரிய இடம் அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறது. விடுதிக்காரப் பையன் நார்மன் பேட்ஸ், தன் தாய் செய்த கொலை என்று நாம் நம்பும் அதை மறைக்க, அறையைக் கழுவித் துடைக்கிறான். நேரம் பிடிக்கும் வேலை. அவசரமில்லாமல், முழுவதையும் நாம் பார்க்கிறோம். பிணத்தைக் காரில் வைத்து, செய்தித்தாளில் சுற்றிய பணத்தை அது பணமென்று தெரியாமலே உள்ளே எறிந்து, காரைச் சதுப்புக் குளத்தில் தள்ளுகிறான். கார் மெல்ல அமிழ்கிறது. பாதியில் நின்றுவிடுகிறது. நார்மன் திகைத்து அக்கம்பக்கம் பார்க்கிறான். அந்தக் கணத்தில் கொட்டகையில் இருக்கும் ஒவ்வொருவர் மனமும் என்ன நினைக்கிறது? "ஐயோ, முழுவதும் அமிழ வேண்டுமே!" என்றுதான்! அரை மணிக்கு முன்பு அவளுக்காகத் தவித்த நாமே இப்போது அவள் பிணம் மறைய வேண்டுமென்று தவிக்கிறோம். கார் அமிழ்கிறது. நாம் மூச்சு விடுகிறோம். பிறகுதான் வெட்கம் வருகிறது.

அதைச் செய்தது திருப்பம் அன்று, வரிசை. முதலில் திருட்டு என்ற சிறு குற்றத்தில் நம்மைப் பங்காளியாக்கிப் பழக்கினார். பிறகு பெரிய குற்றத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இதே படத்தின் முடிவில் ஒரு மனநோய் மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறார். தாயும் மகனும் ஒருவரே என்ற மகா இரகசியம் அங்கேதான் விரிகிறது. படத்திலேயே உப்புச் சப்பில்லாத பகுதி அதுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1958-ல், அவர் எடுத்த 'வெர்டிகோ'வில் இன்னும் துணிந்தார். பிரெஞ்சு நாவல் ஒன்றைத் தழுவிய படம் அது. இறந்தவளும் பின்னால் வருகிறவளும் ஒரே பெண் என்பதை நாவல் கடைசிவரை பூட்டி வைத்திருந்தது. ஹிட்ச்காக்கோ, அந்தப் பெண் ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போடும் காட்சியில், படம் முடிய இன்னும் வெகுநேரம் இருக்கும்போதே நமக்குச் சொல்லிவிடுகிறார். நாயகனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதன்பின் அவன் அவளுக்கு வாங்கித் தரும் ஒவ்வோர் உடையும் நமக்கு நெஞ்சில் பாரம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "மேல்நாட்டுப் படங்களை விடுங்கள். நம் 'அந்த நாள்' கடைசிவரை ஒளித்து வைத்துத்தானே வென்றது?" என்பீர்கள். நல்ல கேள்வி. 1954-ல் ஏவி.எம். தயாரிக்க, வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்த படம். ஒரு பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. அந்தக் காலத்தில் இது சிறிய துணிச்சல் அன்று. வெளிவந்தபோது கல்லாப்பெட்டி நிரம்பவில்லை. 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு போட்டதைப் பின்னணியாகக் கொண்ட கதை. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது. ரேடியோ என்ஜினீயர் ராஜன் செத்து விழுகிறான். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன்! நாயகனை முதல் காட்சியிலேயே கொன்றுவிட்டுத் தொடங்குகிறார்கள். ஜாவர் சீதாராமன் ஏற்ற துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, கடைசியில் மனைவி உஷா. சுட்டவள் உஷாவே, கணவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்பதே காரணம்.

சுட்டது யார் என்பது எனக்குத் தெரிந்த பிறகும் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். அலுக்கவில்லை. காரணம், "யார் கொன்றார்?" என்பது அங்கே வெறும் நூல்தான். அதில் கோத்திருக்கும் மணிகள் வேறு. ஒவ்வொரு சாட்சியும் பேசப் பேச, செத்துக் கிடப்பவன் ஒவ்வொரு ராஜனாக எழுந்து வருகிறான். அவன் எப்படிப்பட்ட மனிதன் என்பதே உண்மையான விசாரணை. பண்டரிபாயின் முகத்தை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அவர் எத்தனை அடக்கி நடித்திருக்கிறார் என்பது புலப்படும்.

'புதிய பறவை'யும் (1964) அப்படியே. கடைசியில் கோபால் தன் வாயாலேயே, மனைவி சித்ரா தன் அடியால் இறந்ததையும் அதை ரயில் தற்கொலையாக்கியதையும் ஒப்புக்கொள்கிறான். காதலித்த லதாவே போலீஸ் என்று தெரிகிறது. பெரிய இடிதான். ஆனால் முடிவு தெரிந்து மறுபடி பாருங்கள். தொடக்கத்தில் ரயில் சத்தம் கேட்டு அவன் நடுங்குவதை முதல் முறை சோகம் என்று கொண்டோம். இப்போது அது குற்றவுணர்ச்சி. நிம்மதியைத் தேடி அவன் பாடும் பாட்டும் கதையை நிறுத்திவிட்டு வந்த பாட்டன்று. பாதி ஒப்புதல் வாக்குமூலம். மர்மப் படத்துக்குப் பாட்டு கூடாது என்று சட்டம் பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு பாட்டைக் காட்டினால் போதும்.

இப்போது அண்மைக் காலத்துக்கு வருகிறேன். ஜீத்து ஜோசப் 2013-ல் மலையாளத்தில் எடுத்த 'திருஷ்யம்', 2014-ல் தெலுங்கிலும் கன்னடத்திலும், 2015-ல் தமிழில் 'பாபநாசம்' ஆகவும், அதே ஆண்டில் இந்தியிலும் வந்தது. பல மாநிலத்தார் கூடி வாழும் நம் விடுதியில் ஐந்து பேர் அதை ஐந்து மொழியில் பார்த்திருப்பார்கள். மலையாளத்தில் பார்த்து முடிவு தெரிந்தவர்களே தமிழில் கமல்ஹாசனையும், இந்தியில் அஜய் தேவ்கனையும் பார்க்கப் போனார்கள். முடிவுதான் உயிரென்றால் இரண்டாம் மொழியிலேயே அது செத்திருக்க வேண்டும்.

அந்தப் படத்தில் குற்றம் மறைக்கப்படவில்லை. மிரட்ட வந்த பையனை ஜார்ஜ் குட்டியின் மகள் அடித்ததையும் அவன் விழுந்து இறந்ததையும் கண்ணெதிரே காட்டிவிடுகிறார்கள். செத்தவன் போலீஸ் ஐ.ஜி.யின் மகன் என்பதும் தெரிகிறது. அதன்பின் யார் என்ற கேள்வியே இல்லை. பிழைப்பார்களா என்பதே கேள்வி. நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திய கேபிள் டி.வி.க்காரன், இரவெல்லாம் பார்த்த சினிமாக்களையே பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டு, பின்னால் நடந்த ஒரு பயணத்தைக் குற்றம் நடந்த நாளிலேயே நடந்ததாக ஊரார் நினைவில் பதிய வைக்கிறான். ஊராருக்குத் தெரியாது, போலீசுக்கு ஐயம், குடும்பத்துக்குத் தெரியும், நமக்கும் தெரியும். சின்னப் பெண்ணைப் போலீஸ் அடிக்கும்போது நாம் துடிப்பது, அவள் வாயில் நம் இரகசியமும் இருப்பதால்தான்.

இத்தனையையும் நம்மிடம் கொட்டிவிட்டு, ஒன்றை மட்டும் டைரக்டர் மடியில் முடிந்துகொள்கிறார்: பிணம் எங்கே? வீட்டுக் குழியைத் தோண்டுகிறார்கள். கன்றுக்குட்டியின் எலும்பு கிடைக்கிறது. நமக்கே திகைப்பு. புதிதாகக் கட்டிய போலீஸ் நிலையத்தின் தரைக்கடியில் அது கிடக்கிறது என்பது கடைசியில்தான் தெரிகிறது. இதுவும் திருப்பம்தானே என்றால், ஆம், திருப்பம்தான். ஆனால் வந்த வழியில் கிடைத்த காணிக்கை அது. அந்த ஒரு காட்சியை வெட்டிவிட்டாலும் படம் நிற்கும். அதற்கு முந்திய இரண்டு மணி நேரத்தை வெட்டிவிட்டால் அந்தக் காட்சி ஒரு துணுக்குக்குக்கூட ஆகாது.

'திருஷ்ய'த்தின் முதல் ஒரு மணி நேரம் இழுவை என்று பலரும் குறை கூறக் கேட்டிருக்கிறேன். கணவன் கஞ்சன், மனைவிக்குக் கோபம், சாயாக்கடைப் பேச்சு, ஒரு கான்ஸ்டபிளுடன் சில்லறைப் பகை. ஒன்றும் நடக்கவில்லையாம். விதை போடும்போது வயலில் ஒன்றும் நடக்காததுபோல்தான் இருக்கும். அந்தக் கான்ஸ்டபிளின் பகைதான் பின்னால் சாட்சியாகி வந்து நிற்கிறது. அந்தச் சினிமாப் பைத்தியம்தான் பின்னால் ஆயுதம். இடைவேளைக்கு முன் குடும்பத்தை நம் குடும்பமாக்கி, அதன்பின் கத்தியைக் கழுத்தில் வைக்கும் இந்த இரு பாதி அமைப்பு, இடைவேளை மணி அடித்து முறுக்கும் காப்பியும் விற்கும் நம் நாட்டுக் கொட்டகையில் பிறந்த அமைப்பு. மேல்நாட்டுத் திரைக்கதைப் புத்தகங்கள் மூன்று அங்கம் என்று கற்பிப்பதை நம் நண்பர்கள் அப்படியே மனப்பாடம் செய்வது எனக்கு விளங்கவில்லை.

இன்று எனக்குள்ள கவலை முடிவைச் சொல்லிவிடுகிறவர்களைப் பற்றியதன்று. கைப்பேசியில் படம் பார்க்கும் வழக்கம் வந்த பிறகு, "முதல் அரை மணியை ஓட்டிவிட்டுப் பார், அதன்பின்தான் படம்" என்று அறிவுரை சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். முடிவைச் சொன்னவன் படத்திலிருந்து ஒரு நிமிஷத்தைத்தான் எடுத்துக்கொண்டான். தொடக்கத்தை ஓட்டச் சொன்னவன் மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறான். பயந்து பயந்து முதல் பத்து நிமிஷத்திலேயே ஒரு பிணத்தைப் போட்டுவிடச் சொல்லித் தயாரிப்பாளர்கள் இனிக் கேட்கலாம். பிணம் விழும், அழுவதற்குத்தான் நமக்கு ஆளைத் தெரிந்திருக்காது. சாயாக்கடைப் பேச்சை விரலால் தள்ளிவிட்டு நேரே கொலைக்குப் போனவனுக்கு, போலீஸ் நிலையத்தின் தரை வெறும் சிமெண்டுத் தரைதான்.