ரங்கவடிவேலுக்குக் கிடைத்தது

2018 மே 10-ம் தேதி நீலு மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 27-ல் சீனு மோகன். அடுத்த ஜூன் 10-ல் கிரேசி மோகன். பதின்மூன்று மாதங்களில் ஒரே நாடகக் குழு மூன்று பேரை இழந்தது. அஞ்சலிச் செய்திகளில் முன்னால் வந்து நின்றது என்னவோ சினிமாதான். சீனு மோகன் என்றால் ‘இறைவி’. கிரேசி மோகன் என்றால் கமல் படங்கள். எத்தனையோ வருஷ மாலைப் பொழுதுகளை மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களுக்குக் கொடுத்தவர்களுக்கு, படப்பிடிப்பில் கழித்த நாள்களே முகவரி ஆகிவிட்டன.

இது பத்திரிகைகளின் குறை மட்டுமல்ல. நாடகத்தில் ஒருவர் என்ன செய்தார் என்று சொல்ல நம் கையில் விவரம் இல்லை. சினிமாவுக்குப் பட்டியல் இருக்கிறது; மேடைக்கு ஞாபகம்தான் இருக்கிறது.

சபா நாடகக்காரர்கள் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில் இருந்தார். சோ வக்கீல். பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் செய்தி வாசித்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கிரேசி மோகனுக்கு சுந்தரம் கிளேட்டனில் உத்தியோகம். ஆபீஸ் விட்ட பிறகுதான் ஒத்திகை. ஒப்பந்தம் கிடையாது, பயிற்சிப் பள்ளி கிடையாது, சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படியும் எதுவும் கிடையாது. செட், லைட், மேக்கப், வேன் வாடகை எல்லாம் போக மிஞ்சினால் உண்டு. ‘நாளைக்கு வந்துடு’ என்பதுதான் கால்ஷீட். நட்பின் பேரில்தான் அத்தனை நிர்வாகமும் நடந்தது.

பெயர்களைப் பாருங்கள். மோகன் எழுதி எஸ்.வி. சேகர் குழு 1976-ல் போட்ட ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ அவருக்கு ‘கிரேசி’யைக் கொடுத்தது. 1979-ல் சொந்தக் குழு. அதன் நாடகங்களில் நாயகன் மாது, அவன் நண்பன் சீனு, நாயகி ஜானகி. மோகனின் தம்பி பாலாஜி, மாது பாலாஜி ஆனார். நண்பனாக வந்தவர் சீனு மோகன். இரண்டு மோகன்கள் இருந்த குழுவில் அது வசதியும்கூட. காத்தாடி ராமமூர்த்தி, மேஜர் சுந்தர்ராஜன் எல்லாரும் இப்படி நாடகத்தில் கிடைத்த பெயரோடு வீட்டுக்குப் போனவர்கள்தான்.

சீனு என்கிற வேடம் பார்க்கச் சுலபம் போலத் தோன்றும். மாது மாட்டிக்கொள்வான், சீனு யோசனை சொல்வான், அந்த யோசனையே அடுத்த சிக்கலாகும். ஆனால் மோகனின் வசனத்தில் ஒரு சொல்லின் காலை இன்னொரு சொல் வாரிவிட்டுக்கொண்டே போகும். சபா சிரித்து ஓய்வதற்குக் காத்திருந்தால் காட்சி தொய்ந்துவிடும். சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போதே அடுத்த வரியை எடுத்தால் அது யார் காதிலும் விழாது. சிரிப்பு இறங்க ஆரம்பிக்கிற அந்த நொடியில் கேள்வியைப் போட வேண்டும். போடுகிறவன் நண்பன், கைத்தட்டல் பதில் சொல்கிறவனுக்கு. இந்தக் கணக்கு ஸ்கிரிப்டில் கிடையாது. வாணி மகாலில் ஒரு மாதிரி, நாரத கான சபாவில் வேறு மாதிரி, வெளியூர்க் கூட்டத்துக்கு இன்னொரு மாதிரி.

இரங்கல் கூட்டங்களில் ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்கிறோம். நாடகக்காரர்களோ ஈடு செய்தே ஆக வேண்டியவர்கள். சபாவுக்குத் தேதி கொடுத்தாயிற்று. உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சில நாள்களில் வேறொருவர் அந்தப் பாடத்தை நெட்டுருப் போட்டுக்கொண்டு மேடையேறுகிறார். வசனம் அவருக்குக் கிடைத்துவிடும். முன்னவர் அந்த இடத்தில் ஏன் அரை நொடி நின்றார் என்பது கிடைக்காது.

வீடியோ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்லதுதான். அது ஒரு நாள் காட்சியைக் காட்டும். அந்தக் காட்சி எப்படி அப்படி ஆயிற்று, ஒத்திகையில் எது வெட்டப்பட்டது, யார் சொன்ன ஜோக் யார் வாய்க்கு மாறியது என்பதைக் காட்டாது.

இதே சென்னையில் ஒருவர் இதையெல்லாம் சரியாக எழுதி வைத்திருக்கிறார். பம்மல் சம்பந்த முதலியார், வக்கீல், பின்னாளில் நீதிபதி. 1891-ல் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். (2002-ல் வந்த ‘பம்மல் கே. சம்பந்தம்’ படத்துக்கு வசனம் கிரேசி மோகன், இயக்கம் மௌலி, இருவரும் மேடைக்காரர்கள். தலைப்பில் யார் இருக்கிறார் என்று அரங்கில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?) 1930-களில் பல பாகங்களாக வந்த அவருடைய ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் திரும்பத் திரும்ப வருகிறவர் ரங்கவடிவேலு. ஆண்களே பெண் வேடம் கட்டிய அந்தச் சபையில் பல ஆண்டுகள் சம்பந்தனாருக்கு ஜோடியாக நடித்த நாயகி, ஆருயிர் நண்பர். அவரை மேடையில் பார்த்த ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. ஆனாலும் அவரை நமக்குத் தெரியும்.

காரணம், சம்பந்தனார் புகழுரையோடு நிறுத்தவில்லை. எந்த வேடம் யாருக்குப் பொருந்தியது, யார் பாடம் சரியாகப் படிக்காமல் வந்தார், எந்த இரவு நாடகம் சறுக்கியது என்றெல்லாம் எழுதினார். தன்னுடைய கோளாறுகளையும் விடவில்லை. நண்பனைப் பற்றி எழுதும்போது துக்கம் ஒரு பக்கம் இருக்க, அவன் செய்த தொழிலைப் பதிவு செய்தார்.

பிற்கால சபா நாடகக்காரர்கள் எழுதாமல் இல்லை. சோ எழுதியிருக்கிறார், இன்னும் சிலரும் எழுதியிருக்கிறார்கள். படிக்க ருசியாகவும் இருக்கும். ஆனால் அவை பெரும்பாலும் துணுக்குகள்: விக் கழன்று விழுந்த கதை, மைக் மக்கர் செய்த கதை. சிரிக்க வைத்தே பழகியவர்கள் நண்பனின் நினைவிலும் சிரிக்க வைத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கூட நடித்தவனுக்கு இது குறைந்த மரியாதை.

சபாக்கள் ஒன்று செய்யலாம். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழா போன்ற மேடைகளில், விருது கொடுத்துப் பொன்னாடை போர்த்துகிற மாலைகளில் ஒன்றே ஒன்றை எடுத்து, மூத்த நடிகர்களை உட்காரவைத்து, மறைந்த சகாவின் ஒரு காட்சியை வரி வரியாகப் பேசவைத்துப் பதிவு செய்யட்டும். குழுக்கள் பரணில் கிடக்கும் பிராம்ப்டர் பிரதிகளையும் கணக்கு நோட்டுகளையும் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் இருக்கட்டும். நாடக நோட்டீஸ்களைக்கூடப் பாதுகாத்து வைக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இருக்கிறது. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் அதே தடம்தான்.