ஏற்காட்டிலே குளிர்சாதனம்!

"ஏற்காட்டுக்குப் போகிறவருக்குக் குளிர்சாதனம் எதற்கு ஐயா?" என்று நண்பரைக் கேட்டு நாம் நகைத்ததுண்டு. சேர்வராயன் மலையில் ஏறக்குறைய 5,000 அடி உயரத்திலுள்ள ஊர். அங்கே குளிரை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

சென்ற மழைக்காலத்தில் அவருடைய 30 வயது மோட்டாரில் சேலத்திலிருந்து மலையேறியபோது நம் நகைப்பு அடங்கிற்று. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுமுன்பே மூடுபனி சூழ்ந்துகொண்டது. ஜன்னலைச் சாத்தினால் மூச்சுக் காற்றின் ஈரம் முன்கண்ணாடியில் படிந்து பாதையை மறைத்தது. திறந்தாலோ மழை உள்ளே வந்தது. நண்பர் ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மறு கையால் வண்டியை ஓட்டினார். நாம் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டோம். காற்றின் ஈரத்தை வாங்கிக் கண்ணாடியைத் தெளிவாக்குவதும் குளிர்சாதனத்தின் வேலை என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

அதுவோ வேலை செய்யவில்லை. "வருஷந்தோறும் காஸ் அடைக்கிறேன், தீர்ந்துபோகிறது" என்றார் நண்பர்.

பெட்ரோலைப் போல் தீர்கிற வஸ்துவா அது? மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்ததென்றால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிந்தது எங்கே போயிற்று? வானத்துக்குத்தான். பழைய மோட்டார்களிலிருந்த ஆர்-12 வாயு ஓஸோன் படலத்தை அரிப்பது. 1987-ல் மாண்ட்ரீல் உடன்படிக்கை அதற்குக் கட்டுப்பாடு வகுத்தது. பின்னர் வந்த ஆர்-134ஏ ஓஸோனுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அதன் ஒரு கிலோ, கரியமில வாயு ஆயிரம் கிலோவையும் மிஞ்சும்.

சேலத்துக்குத் திரும்பியதும் வேறொரு பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த முதியவர் காஸ் உருளையைத் தொடவேயில்லை. குழாய்களில் நைட்ரஜனை அழுத்தி ஏற்றினார். எண்ணெய்க் கறை கண்ட இடங்களிலெல்லாம் சோப்பு நுரையைத் தடவினார். கம்பிரஸரை ஒட்டிய இணைப்பில் கொப்புளம் கிளம்பிற்று! முன்னொரு காலத்தில் ஆர்-134ஏ-க்கு வண்டியை மாற்றியவர், பழைய ரப்பர் வளையத்தை அப்படியே விட்டிருந்தார். அது காய்ந்து வெடித்திருந்தது.

வளையத்தையும், ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்றினார். வாக்குவம் பம்பினால் குழாய்களிலிருந்த காற்றை அரைமணிக்கு மேல் இழுத்த பிறகே, காஸை எடை பார்த்து அடைத்தார். வளையத்தின் விலையைக் கேட்டதும் நண்பர் இத்தனை வருஷம் காஸுக்குக் கொடுத்ததை விரல் விட்டு எண்ணலானார், பாதியில் நிறுத்திவிட்டார்.

"வாரம் பத்து நிமிஷமாவது ஓட்டுங்கள், ஐயா. குளிர்காலத்திலும்தான். அப்போதுதான் எண்ணெய் பரவி ரப்பர் காயாமலிருக்கும்" என்றார் முதியவர்.

நண்பர் இப்பொழுது மார்கழிக் காலையிலும் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு குளிர்சாதனத்தை ஓட்டுகிறார். தெருவில் எல்லோரும் சிரிக்கிறார்கள், நாம் சிரிப்பதில்லை.