நெகட்டிவைப் பட்டினி போடாதீங்க சாமிகளா!

பிலிம் கேமரா திரும்பவும் பேஷன் ஆனாலும் ஆச்சு, கூடவே ஒரு பழைய கதையும் கிளம்பி வந்திருச்சு. "அரை ஸ்டாப் அண்டர்ல எடு மச்சி, அப்பத்தான் கலர் கெட்டியா வரும்." போடிமெட்டு டீக்கடையில ரெண்டு தம்பிங்க கோடக் கோல்டு 200 ரோலை மாட்டிக்கிட்டு இதை வேதம் மாதிரி ஓதிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு!

மக்களே, அது ஸ்லைடு பிலிமுக்குச் சொன்ன வாக்கு. வெல்வியா மாதிரி ஸ்லைடுல வெளிச்சம் கூடுனா வெள்ளை வெளுத்தது வெளுத்ததுதான். அதனால கையைக் கட்டி எடுத்தாங்க. கலர் நெகட்டிவ் நேர் தலைகீழ். இதுல முதல்ல சாகுறது நிழல்.

காரணம் பிலிமுக்குள்ளயே இருக்கு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அடுக்கு இல்ல, ரெண்டு மூணு. ஒண்ணுல வெள்ளி உப்புப் பரல் பெருசு, சீக்கிரம் வெளிச்சத்தைப் பிடிக்கும். இன்னொண்ணுல பொடிப் பரல், அதுக்கு நிறைய வெளிச்சம் வேணும். வெளிச்சத்தைக் குறைச்சீங்கன்னா முரட்டுப் பரல் மட்டும்தான் வேலை பார்க்கும். பிரிண்ட்ல புள்ளி புள்ளியா, சேறு மாதிரி தெரியுறது அதான். ஒரு ஸ்டாப் கூடக் கொடுத்துப் பாருங்க, பொடிப் பரலும் சேர்ந்துக்கும், நிறம் சுத்தமா வரும். ரெண்டு ஸ்டாப் கூடுனாலும் தாங்கும்.

"புஷ் பண்ணிக்கலாமே"ன்னு ஒரு குரூப் வரும். சி-41 டெவலப்பர்ல 37.8 டிகிரியில 3 நிமிஷம் 15 செகண்ட் கணக்கு. அதுக்கு மேல ஊற வச்சா கான்ட்ராஸ்ட் ஏறும். பிலிம்ல பதியாத முகம் எங்கேருந்துங்க வரும்?

இவ்வளவு கோவம் ஏன்னு கேக்குறீங்களா? 1999. காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழ அப்பத்தா பன்னீர் திராட்சை பறிச்சுக்கிட்டு இருந்துச்சு. இரவல் கேமரா, கோனிகா ரோல். இலை சந்துல தெரிஞ்ச வெள்ளை வானத்தைப் பார்த்து மீட்டர் ஏமாந்து போச்சு. அது பத்தாதுன்னு நான் வேற, எவனோ சொன்னான்னு ஒரு ஸ்டாப் குறைச்சேன். கழுவிக் கொடுத்த ஸ்டுடியோ அண்ணன் நெகட்டிவைத் தூக்கிப் பார்த்துட்டு, "என்ன தம்பி, வெறும் ஆரஞ்சுக் கண்ணாடியா இருக்கு?"ன்னாரு. பிரிண்ட்ல தண்டட்டி மட்டும் மின்னுது. முகம் பச்சை ஓடுன சேறு. பிலிம் மேல ஒரு தப்பும் இல்ல, எடுத்தவன் கை. அடுத்த வருஷம் அப்பத்தா போய்ச் சேந்துருச்சு. வேற போட்டோ கிடையாது.

அந்த அண்ணன் அன்னைக்குச் சொன்னதுதான்: "200 ரோல்னா கேமராவுல 100-னு திருப்பி வை. முகத்துக்கிட்ட போய் அளவெடு. வானத்தைப் பாக்காத." கறுத்த முகம், வெள்ளை வேட்டி, உச்சி வெயில், மரநிழல். நம்ம ஊருல எடுக்கிற படத்துல பாதி இதுதானே? மீட்டர் எல்லாத்தையும் நடுத்தரச் சாம்பலா நினைக்கிற ஜென்மம், அதுக்கு வேட்டி எது முகம் எதுன்னு தெரியாது. வெட்ட வெயில்ல 200 ரோலுக்கு எஃப் 16, 1/250. பந்தலுக்குள்ள வந்தா எஃப் 4, 1/125 வைங்க. நிழலுக்கு நாலு ஸ்டாப், முகத்துக்கு ஒண்ணு.

இதுக்காக அஞ்சாறு ஸ்டாப் அள்ளிக் கொட்டாதீங்க, நிறம் பிறழும். எக்டார் 100 அவ்வளவு பொறுமைசாலி இல்ல, அதை மட்டும் அளவாப் பாத்து எடுங்க. கூடலூர் பக்கம் வயலை வெயில்ல எடுக்கிறீங்களா, டப்பாவுல போட்ட எண்ணே போதும். (ஸ்லைடு பார்ட்டிகள் அடிக்க வராதீங்க, உங்களைச் சொல்லல!)

பந்தலுக்குள்ள எடுத்த அந்த ஆறு பிரேமையும் இன்னும் வச்சிருக்கேன். போன மாசம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தி ஏத்திப் பார்த்தேன். சேறுதான் வெளுத்துச்சு.